ஏலக்காரியின் உணவுக்குழாய்

காய்கறி மொத்தச் சந்தையில் என் அத்தையை எல்லோரும் ‘மைக்கு’ என்றுதான் கூப்பிடுவார்கள். விடியற்காலையில் தக்காளிக் கூடைகளுக்கு நடுவே முக்காலியில் ஏறி நின்று அவள் ஏலம் விட்டால், வாசலில் லாரிக்குள் தூங்குகிறவர்கள்கூட எழுந்து உட்கார்வார்கள். ஒரு ஏலத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே மூச்சு விடத்தான் நேரம். அதற்குள் கொதிக்கக் கொதிக்க ஒரு டீயை இரண்டே மடக்கில் இறக்கிவிடுவாள். டீயை ஆற்றிக் குடிக்கிற ஆளை அந்தச் சந்தையில் யாரும் ஏலக்காரராக மதிப்பதில்லை.

நெஞ்செரிச்சல் அவளுக்குப் பல வருஷப் பழக்கம். மருந்துக்கடையில் ஒரு மாத்திரை, அதன்மேல் இன்னொரு டீ. இந்த வருஷம் சோறே நெஞ்சில் நின்று நின்று இறங்கத் தொடங்கியது. புற்றோ அதற்கு முந்தைய மாற்றமோ இருக்கிறதா என்று பார்க்க டாக்டர் எண்டோஸ்கோபி எழுதிக்கொடுத்தார். வாய்வழியாகக் குழாய் போகும் என்றதும் அவள் முகம் விழுந்துவிட்டது.

“தொண்டைக்குள்ள குழாய விட்டா குரல் போயிடும்டி. குரல் போச்சுன்னா நான் யாரு?”

எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். படித்தது புள்ளியியல். தெரிந்த ஆயுதத்தைத்தானே எடுக்க முடியும்? குழாய் விட்டுப் பார்க்க வருகிறவர்களில் பெரும்பாலோருக்குப் புற்றுக்கு முந்தைய மாற்றமெல்லாம் இருக்காது, இருப்பவர்கள் சிலரே, அவர்களிலும் பலருக்கு அது புற்றாக மாறுவதே இல்லை என்றேன்.

“அந்தச் சில பேர்ல நான் இருக்கேனா இல்லையா? அத உன் கணக்கு சொல்லுமா?”

சொல்லாது, குழாய்தான் சொல்லும் என்றேன். கேட்ட கேள்வியில் தானே மாட்டிக்கொண்டாள்.

வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தார்கள். காலையிலிருந்து ஒன்றுமே சாப்பிடவில்லை என்று நர்ஸிடம் அடித்துச் சொன்னாள். டீ குடித்தீர்களா என்று அவர் கேட்டார்.

“டீயெல்லாம் சாப்பாட்டுல சேருமா சிஸ்டர்?”

திருப்பி அனுப்பிவிட்டார்கள். மைக்கு பயந்து ஓடிவந்துவிட்டது என்று மூட்டை தூக்குகிறவர்கள் சிரித்தது அவள் காதில் விழுந்தது. மறுநாள் நாக்கைக்கூட நனைக்காமல், எனக்கு முன்னால் போய் ஆஸ்பத்திரி வாசலில் நின்றாள்.

இருந்தது. உணவுக்குழாயின் நடுவே, விரல் நகம் அளவு இடத்தில் செல்கள் மாறத் தொடங்கியிருந்தன. இது புற்று இல்லை, விட்டுவைத்தால் ஆகலாம், குழாய் வழியாகவே சீவி எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். நான் கல்லூரியில் வரைந்த புள்ளிவிவரப் படங்களில் ‘சிலர்’ என்பது கண்ணை இடுக்கிப் பார்க்க வேண்டிய மெல்லிய கோடு. அந்தக் கோட்டின்மேல் அத்தை கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தக் கணக்கை அவளுக்கு ஆறுதலாகச் சொன்னேனா, எனக்கு நானே சொல்லிக்கொண்டேனா? இன்றும் தெரியவில்லை.

எடுத்து முடித்து, மயக்கம் தெளிந்ததும் அவள் என்னைக்கூடப் பார்க்கவில்லை. கண்ணை மூடியபடியே, “ஒரு தரம்” என்றாள். கரகரப்பாக வந்தது. “ரெண்டு தரம்” வார்டு முழுக்கக் கேட்டது. அடுத்த கட்டில்காரர், தன்னிடம் வாங்கக் காசு இல்லை என்று போர்வையை இழுத்துக்கொண்டார். அவள் சிரித்த சிரிப்பில் எனக்கு அழுகை வந்தது.

எடுத்த சதையின் ஓரங்கள் சுத்தமாக இருப்பதாக, மாறிய செல் எதுவும் மிச்சமில்லை என்று சோதனை முடிவு வந்தது. சந்தையில் இப்போது டீ ஆறும்வரை ஏலம் காத்திருக்கிறது. முணுமுணுத்தவர்களிடம், அவசரமானால் நீங்களே ஏறிக் கத்துங்கள் என்று முக்காலியைக் காட்டினாள். ஒருவரும் ஏறவில்லை.

சில மாதம் கழித்து மறுபடி குழாய் விட்டுப் பார்த்தார்கள். அந்த இடத்தில் புதுத்தோல் மூடியிருந்தது. டாக்டர் திரையில் படத்தைக் காட்டினார். இளஞ்சிவப்பாக, ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தது. அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள்.

“என் மூஞ்சி கூட இவ்ளோ வழவழன்னு இருந்ததில்லடி,” என்றாள்.