அக்கா தெரிந்தெடுத்த கறுத்த மரம்

அக்காவின் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியதும் முதலில் அட்டைப்படத்தைத்தான் பார்த்திருப்பீர்கள். "கொஞ்சம் வெளிச்சமான படமாகப் போட்டிருக்கலாமே" என்று யாருக்காவது தோன்றியிருந்தால், அதற்குப் பதில் சொல்லத்தான் தங்கையாகிய நான் எழுத உட்கார்ந்தேன்.

அக்கா திருகோணமலை நகரில் எங்கள் பெற்றோருக்கு மூத்த மகளாகப் பிறந்தார். அப்பாவின் நிறம் அக்காவுக்கு, அம்மாவின் நிறம் எனக்கு. சொந்தக்காரர் ஒருவரும் இதை நாங்கள் மறக்க விட்டதில்லை. யுத்தத்தில் இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது பாலையூற்றில் இருந்த எங்கள் வீட்டில் சுவர்கள் மட்டும் நின்றன. அப்பா இல்லை, அம்மா நோயாளி. துறைமுகத்துப் பக்கம் ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞராகச் சேர்ந்த அக்காதான் கூரை போட்டார், என்னைப் படிப்பித்தார். பல வருடம் பாயும் பிளாஸ்டிக் கதிரையுமாகத்தான் சீவித்தோம்.

பிறகு ஒருநாள் வீட்டுக்குத் தளபாடம் வாங்கப் போனோம். அக்காவுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்த காலம். அம்மாவின் தமக்கையான பெரியம்மாவும் கூட வந்தார். அவர் காட்டியதெல்லாம் வெளிர் நிறம். அக்காவோ கடையின் பின்பக்கத்தில் இருந்த சாப்பாட்டு மேசையையும் கைபிடிக் கதிரைகளையும் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றார். நல்ல கறுத்த மரம். சாயம் பூசவில்லை, மரத்தின் சொந்த நிறமே அதுதான்.

"உனக்கென்ன விசரா பிள்ளை? நீயே நிறம் குறைவு. இதுக்குள்ள இருந்தா மாப்பிள்ளைப் பகுதிக்கு உன்னைத் தெரியவே தெரியாது," என்றார் பெரியம்மா.

"தெரியாட்டி லைட்டைப் போட்டுப் பாக்கட்டும்," என்றார் அக்கா.

"தூசி வேற அப்பிடியே தெரியும்."

"தெரிஞ்சாத்தானே பெரியம்மா துடைக்கலாம்."

கடைக்காரர் சிரித்துவிட்டார். பெரியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே போக, அக்கா காசைக் கட்டினார்.

கொஞ்ச நாளில் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் தாயார் புதுக் கதிரையில் நன்றாகச் சாய்ந்துகொண்டு, "பிள்ளை நல்ல பிள்ளைதான். நிறம்தான் கொஞ்சம் குறைவு. அதுக்கேத்த மாதிரி நீங்களும் பாத்துச் செய்வியள்தானே?" என்று கேட்டார். அம்மா தலையைக் குனிந்துகொண்டார். தேநீர்த் தட்டோடு நின்ற அக்கா குனியவில்லை.

"நீங்கள் இருக்கிற கதிரையும் கறுப்புத்தான் மாமி. இருக்க வசதியா இருக்கோ?"

"ஓம் பிள்ளை, நல்ல வசதி."

"அப்ப தேத்தண்ணியைக் குடிச்சிட்டுப் போயிட்டு வாங்கோ. இதுக்கு மேல பாத்துச் செய்ய எங்களுக்கு ஏலாது."

அந்தச் சம்பந்தம் அத்தோடு சரி. பிறகு வந்தவர்களும் நிறத்துக்கு விலை பேசத்தான் வந்தார்கள். அக்கா கலியாணம் செய்யாமலே இருந்துவிட்டார். "பாவம், கரையேறாமல் போய்விட்டாள்" என்று கதைத்தவர்களும் இன்று இதை வாசிப்பார்கள். வாசிக்கட்டும். என் பிள்ளைகள் படித்தது அந்த மேசையில். உங்களில் எத்தனையோ பேர் வயிறார உண்டதும் அதே மேசையில்தான். கால் முறிந்த பெரியம்மா, "அந்தக் கதிரையில இருந்தாத்தான் எழும்ப லேசு" என்று எங்கள் வீட்டுக்கே வந்து தங்கினார். அக்கா ஒரு பழங்கதையும் எடுக்காமல் அவரைப் பார்த்துக்கொண்டார்.

சிறுநீரக நோய் முற்றிய பிறகும் அக்கா அந்த மேசையைத் தன் கையாலேதான் துடைத்தார். என்னைத் தொட விடவில்லை.

இந்த மலருக்கு, அக்கா அந்தக் கதிரையில் இருக்கும் படத்தைக் கொடுத்தோம். அச்சகத்திலிருந்து வந்த மாதிரி அட்டையில் அக்காவின் முகத்தை வெளுக்க வைத்திருந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எல்லாரும் இப்பிடித்தான் கேக்கிறவை, வடிவா இருக்கும்" என்றார் வடிவமைத்தவர். உறவினர் சிலரும் "இருக்கட்டும் விடு" என்றார்கள். பெரியம்மாவாவது சந்தோசப்படட்டும் என்று கோபத்தோடேயே கொண்டுபோய் அவரிடம் நீட்டினேன். கண்ணாடியைப் போட்டு நெடுநேரம் பார்த்தார்.

"இதார் பிள்ளை?"

"அக்கா."

"இது எங்கட பிள்ளை இல்லை," என்று திருப்பித் தந்தவர் அழுதுவிட்டார். "மாத்தச் சொல்லு."

மாற்றினோம். அக்காவைக் கடைசிவரை பராமரித்த மருத்துவர்கள், தாதியர்கள், கிண்ணியாவிலிருந்து சாப்பாட்டோடு வந்துபோன அலுவலகத் தோழி, கிரியைகளில் தோள்கொடுத்த அயலவர்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பெரியம்மாவுக்கும்தான்.

அட்டையை இன்னொருமுறை திருப்பிப் பாருங்கள். கறுத்த கதிரையில் அக்கா இருக்கிறார். நன்றாகத் தெரிகிறார்.