கோழிக்கால் வீட்டுக்காரி

அக்காவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவினர்கள் கலைந்த பிற்பகலில், அவளுடைய பேரன் ஒரு தடித்த புத்தகத்தையும் ஒரு சிறு பை நிறையப் பகடைகளையும் கொண்டுவந்து என் முன் வைத்தான். பகடைகளுக்கு ஆறு முகங்கள் அல்ல. எட்டு, பன்னிரண்டு, இருபது. அவன் விரித்துக் காட்டிய பக்கத்தில் கோழிக்கால்களின்மேல் நிற்கும் ஒரு குடிசை; அதனருகே, உரலுக்குள் அமர்ந்து உலக்கையால் காற்றைத் துழாவிப் பறக்கும் ஒரு கிழவி. ரஷ்யக் காட்டுச் சூனியக்காரி என்று விளக்கினான்.

"இந்த ஆட்டத்துல எப்பவும் பாட்டிதான் இவளா இருப்பாங்க, தாத்தா. எங்கள ஒரு தடவகூட ஜெயிக்க விட்டதில்ல."

எனக்கு அதில் வியப்பில்லை. அந்தக் கிழவியை நான் முதன்முதலில் சந்தித்தது மலாக்காவில், காஜா பெராங்கில், நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் அடியில். மலாயா சுதந்திரம் பெறுவதற்கு முந்தைய ஆண்டு.

அக்காவுக்கு அப்போது வயது பதினைந்து, எனக்கு எட்டு. அவள் படித்த மிஷன் பள்ளியின் நூலகத்திலிருந்து, ரஷ்ய நாட்டுக் கதைகள் அடங்கிய ஆங்கிலப் புத்தகம் ஒன்றை எடுத்துவந்திருந்தாள். கம்யூனிஸ்டுகளை ஒடுக்க விதித்த அவசரகாலம் இன்னும் நீங்காத நாட்கள் அவை. அரசாங்க அலுவலகத்தில் கிளார்க்காக இருந்த அப்பா, அட்டையில் 'ரஷ்யா' என்ற சொல்லைக் கண்டதும் பழைய செய்தித்தாளால் அதை மூடி ஒட்டிவிட்டார். உள்ளே இருந்த சூனியக்காரியைப் பற்றி அவருக்கு ஆட்சேபம் எதுவும் இல்லை.

கதையைக் கேட்ட எங்களுக்கு, கால்களின்மேல் நிற்கும் வீடு ஒரு விந்தையாகத் தோன்றவில்லை. காஜா பெராங்கில் பாதி வீடுகள் அப்படித்தான் நின்றன. அக்கா அந்த ஒற்றுமையைப் பிடித்துக்கொண்டாள். பனிக்காடு ரப்பர்க் காடாயிற்று. கிழவியின் இரும்புப் பல் வெற்றிலைக் காவி படிந்த பல்லாயிற்று. பறக்கும் உரலாக ஒரு மண்ணெண்ணெய் டின்னைக் கவிழ்த்துப் போட்டாள். பின்னாளில், நாட்டுப்புறத் தெய்வங்களும் பேய்களும் கதைக்குள் நுழைந்து உருமாறுவதைப் பற்றிப் பல ஆய்வுகளை நான் படிக்க நேர்ந்தது. ஒன்றிரண்டை எழுதவும் செய்தேன். அவற்றில் சொல்லப்பட்டவை அனைத்தையும் அக்கா ஒரு பள்ளி விடுமுறைக்குள் செய்து முடித்திருந்தாள் என்பதை அவளிடம் நான் ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

அவள் செய்தவற்றுள் உயர்ந்தது அந்த விளையாட்டுதான். ஆளுக்கு ஒரு வேடம். நான் படையிலிருந்து ஓடிவந்த சிப்பாய். பக்கத்து வீட்டுப் பெண், மலாய் பேசும் மலாக்காச் சிட்டிக் குலத்தவள், தமிழ் தெரியாமலே, வழி தவறிய வணிகன். எங்கள் பலம், தந்திரம், பயம் ஆகியவை அக்காவின் நோட்டில் எண்களாக இருந்தன. ஒரு பக்கம் தேய்த்து வெள்ளையாக்கிய நான்கு புளியங்கொட்டைகளை உருட்டுவோம். விழும் வெள்ளைகளின் கணக்கு எங்கள் விதியைத் தீர்மானிக்கும். சூனியக்காரியின் வாசலுக்கு வருபவன் ஒரே ஒரு கேள்விக்கு விடை சொல்ல வேண்டும்: தானாக வந்தாயா, பிறர் அனுப்பி வந்தாயா? பொய் சொன்னவனை அவள் தின்றுவிடுவாள். உண்மை சொன்னவனுக்கு உடனே தேங்காய்ச் சிரட்டையில் தண்ணீர் கொடுத்தாக வேண்டும். இது தவறினால் சூனியக்காரியே ஆட்டத்தை இழப்பாள்.

"அவ நல்லவளா, கெட்டவளா?" என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"நீ எப்படி வந்த, அதப் பொறுத்தது" என்றாள்.

அந்த விடுமுறையின் இறுதியில் அத்தை ஒரு வரன் கொண்டுவந்தார். புக்கிட் ரம்பாய்ப் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்துக் கிராணியின் மகன். கிராணி என்றால் தோட்ட அலுவலகத்தின் எழுத்தர். தொழிலாளர் நடுவில் சிறு அரசர். அப்பாவின் தமக்கை சொல்லை மறுக்கும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. அவர்களுக்குப் பெண்ணைப் பிடித்துவிட்டால் அக்காவின் பள்ளி அந்த ஆண்டோடு முடிந்துவிடும். இறுதித் தேர்வுக்கு அவளுக்கு இன்னும் இரண்டு ஆண்டுகள் இருந்தன. அவள் அழவில்லை, அம்மாவிடம் ஒருமுறை, அப்பாவிடம் ஒருமுறை, வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தாள். பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை.

பெண் பார்க்க ஐந்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். மூன்று மணிக்கு அக்கா எங்களை ஆட்டத்துக்கு அழைத்தாள். மண்ணெண்ணெய் டின்னை ஒதுக்கிவிட்டு, அம்மாவின் மர உரலை வாசற்படியருகே உருட்டிவரச் சொன்னாள். உரலில் உட்காரக் கூடாது என்பது எங்கள் வீடுகளில் தவழும் குழந்தைக்கும் தெரியும். அம்மா அதன்மேல் தப்பித் தவறிக் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். ஆயினும் நான், ஆட்டம் மேலும் சிறப்பாகிவிட்டது என்று மட்டுமே எண்ணினேன். என்னைச் சந்து முனையில் காவல் நிற்கச் சொன்னாள்.

அவர்கள் நான்கு மணிக்கே வாடகைக் காரில் வந்து இறங்கினார்கள். நான் ஓடினேன்.

"வந்துட்டாங்க. அத்தை, கூட மூணு பேரு."

"எங்க வராங்க?"

"ரொட்டிக்காரர் வீட்டத் தாண்டிட்டாங்க."

பின்கட்டில் கிணறு இருந்தது; சவர்க்காரம் இருந்தது; கட்டிலில் பட்டுப்புடவை விரித்துவைத்திருந்தது. நேரமும் இருந்தது. அக்கா சட்டியின் அடிக்கரியை விரலில் தொட்டு, கறுப்பாக்காமல் விட்டிருந்த மறு கன்னத்திலும் பூசினாள்.

"ஒரு பக்கம் மட்டும் இருந்தா நல்லா இருக்காது" என்றாள். பிறகு உலக்கையை எடுத்துக்கொண்டு உரல்மேல் ஏறி அமர்ந்தாள்.

விருந்தினர் வேலியருகே நின்றுவிட்டார்கள். கிராணியின் மனைவி தாம்பாளத்தை மார்போடு அணைத்தபடி, "ஏங்க, பிள்ளைக்கு உடம்புக்கு ஏதும் சொகமில்லையா?" என்று அத்தையிடம் கேட்டார்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா, வெளயாட்டுப் புள்ள... அடியே, எறங்குடி. உரல்ல ஏறி உக்காந்தா வீடு வெளங்குமா?"

"கேட்டதுக்குப் பதில் சொன்னா எறங்கிடுவேன், அத்தை" என்றாள் அக்கா. பிறகு கிராணியின் மனைவியைப் பார்த்து, மரியாதை குறையாமல், "தானா வந்தீங்களா, யாரும் அனுப்பி வந்தீங்களா?" என்று கேட்டாள்.

அந்த அம்மாள் நேர்மையானவர். "நாங்க எங்கம்மா தானா வந்தோம்? ஒங்க அத்தை வரச் சொல்லித்தான் வந்தோம்" என்றார்.

உண்மை சொல்லப்பட்டுவிட்டது. அக்கா விதியை மறந்து அசையாமல் உட்கார்ந்திருந்தாள். ஆட்டத்தை அவள் இழந்துவிடக் கூடாது. நான் குடத்தில் சிரட்டையை முக்கி, தண்ணீர் சிந்தாமல் கொண்டுபோய் அந்த அம்மாளிடம் நீட்டினேன்.

ஊரிலும் தோட்டத்திலும், எவருக்குச் சிரட்டையில் தண்ணீர் ஊற்றினார்கள் என்பதை அங்கிருந்த பெரியவர்கள் அனைவரும் அறிவார்கள். கிராணியின் மனைவி மிக நன்றாக அறிந்திருந்தார். சிரட்டையையும் என் முகத்தையும் பார்த்தார். அவர் உதடுகள் இறுகின. கிராணி தாழ்ந்த குரலில், "வா, போவலாம்" என்றார். அவ்வளவுதான். அப்பா படியிறங்கி வருவதற்குள் அவர்கள் சந்து முனையை அடைந்துவிட்டார்கள்.

அந்தப் பேச்சு அடுத்த ஊரான பத்து பெரெண்டாம் வரை பரவியது. பிறகு ஏழாண்டுகள் எங்கள் வாசலுக்கு வரன் எதுவும் வரவில்லை. அக்கா இறுதித் தேர்வை எழுதினாள், மேலே படித்தாள், பல தலைமுறை மாணவர்களுக்கு வரலாறு கற்பித்தாள். பெண் பார்க்க வந்ததற்கு மறுவாரம் அப்பா தோட்டத்துக்குச் சென்று மன்னிப்புக் கேட்டுவந்தார். தானும் வருவேன் என்று அக்கா பிடிவாதமாக உடன் சென்றாள். அங்கே என்ன பேசப்பட்டது என்பதை இருவரும் இறுதிவரை சொல்லவில்லை.

உரலில் ஏறியதற்காகத் தன்னைப் பைத்தியம் என்று ஊர் சொல்வதை அக்கா முன்பே கணக்கிட்டிருந்தாள். சிரட்டை அவள் கணக்கில் இல்லை.

அன்று மாலை அப்பா எங்களை நிறுத்திவைத்தார். உரலைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

"சிரட்டையில தண்ணி குடுக்கச் சொன்னது யாரு?"

நான் பெருமையோடு வாய் திறந்தேன். அதற்குள் அக்கா, "நான்தாம்பா" என்றாள். அதுவரை அவளை ஒருமுறையும் தொட்டு அடித்திராத அப்பா, ரோத்தான் பிரம்பால் அவள் உள்ளங்கையில் நான்கு அடி கொடுத்தார். அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

விதியை நினைவில் வைத்திருந்தவன் நான். தண்ணீரைச் சிந்தாமல் கொண்டுபோனவன் நான். அந்த ஆட்டத்தில் நான் தவறில்லாமல் செய்த ஒரே காரியத்தை அக்கா தன்னுடையதாக்கிக்கொண்டாள் என்று, மூன்று நாட்கள் அவளோடு நான் பேசவில்லை.