நர்சம்மா கேட்காமல் விட்ட கேள்வி

நர்சம்மா தனத்துக்குச் சந்தேகம் கூடப் பிறந்தது. கீழ்பென்னாத்தூர் பக்கத்துக் கிராமத்தில் இருபது வருஷமாக சுகாதார செவிலியர். சத்து மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டுப் போகமாட்டாள். கண்ணெதிரே முழுங்கவைத்து, நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பாள்.

கீழத்தெரு எழிலின் குழந்தை பிறந்த இரண்டாம் நாளே இறந்தது. பத்து நாள் கழித்து அருணாதேவிக்குக் குறைமாதத்தில் பிறந்த பிள்ளை திருவண்ணாமலை ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது. ரத்தப் பரிசோதனை இரண்டுக்கும் ஒரே கிருமியைச் சொன்னது.

"தாய் சாப்பிட்டதுல இருந்து வந்தது. தாய்க்கு லேசா காய்ச்சல்தான் வரும், புள்ளையத்தான் கொல்லும். குளிருக்குச் சாகாது, பிரிட்ஜுலயே வளரும்" என்றார் டாக்டர். ஊரில் இன்னும் நாலு பேர் மாசமாக இருந்தார்கள். அந்த நாலு வயிற்றையும் காப்பாற்ற வேண்டும்.

தனம் கிளம்பிவிட்டாள். வேணு கடை பிரிட்ஜுக்குள் தலையைவிட்டு மோந்து பார்த்தாள்.

"இன்னா நர்சம்மா, போலீஸ் மாதிரி வர்றீங்க?"

"போலீஸ்னா டீ குடிச்சுட்டுப் போயிடுவாங்க. நான் போமாட்டேன், நகரு."

வீடு வீடாக ஒரே கேள்வி: "கடையில இன்னா வாங்கித் துன்ன? மறைக்காம சொல்லு." கிரிவலம் போனபோது பானிபூரி என்று எழில் வாய் திறந்ததுதான் தாமதம், மாமியார் பச்சையம்மாள் பிடித்துக்கொண்டாள்: "வாயக் கட்டத் தெரியாதவ, புள்ளைய முழுங்கிட்டா." தனம் மறுத்துப் பேசவில்லை. அவளுக்கும் அப்படித்தான் பட்டது.

வெள்ளிக்கிழமை, அந்த நாலு பேரில் ஒருத்தியான அபிநயாவுக்கு எட்டாம் மாதத்தில் காய்ச்சல். ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, வண்டி வரும்வரை தனம் துருவினாள்.

"கடையில எதுவும் வாங்கலீங்க நர்சம்மா. மாமனார் விடமாட்டாரு."

"பொய் சொல்லாத."

"மெய்யாலுமேங்க. வெளிய துன்னதுன்னா உங்க வீட்டு சீம்பாலு ஒண்ணுதான்."

தனம் துருவுவதை நிறுத்தினாள். கன்று போட்ட மாட்டின் முதல் பாலை விற்கக் கூடாது, ஊருக்குப் பங்கு வைக்க வேண்டும். மாசமானவளுக்கு முதல் பங்கு. ஆறு வாரத்துக்கு முன் தனம் வீட்டு மாடு கன்று போட்டது. வெல்லம் போட்டு வேகவைத்த சீம்பாலைத் துண்டு போட்டு, காய்ச்சாத பால் சொட்டும் சொம்புக்குக் கீழே மூடாமல் பிரிட்ஜில் வைத்து, நாலு நாள் கொடுத்தாள். எழிலுக்குத் தன் கையாலேயே ஊட்டினாள். கடையில் வாங்கியதைக் கேட்டால், சும்மா வந்ததை யார் சொல்வார்கள்? ஊர் பிரிட்ஜையெல்லாம் மோந்தவள் தன் வீட்டுப் பிரிட்ஜைச் சந்தேகப்படவே இல்லை.

வண்டியில் போகும்போதே டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அன்றே ஊசி போட்டார்கள். அபிநயாவின் பிள்ளை வயிற்றிலேயே தப்பியது. தனத்தின் பிரிட்ஜில் வழித்தெடுத்ததில் அதே கிருமி இருந்தது.

முடிவு வந்த அன்று தனம் எழில் வீட்டுக்குப் போனாள். பச்சையம்மாள் நாற்காலி போட்டாள். தனம் உட்காரவில்லை.

"எழில் வாயால ஒண்ணும் கெடலம்மா. என் வீட்டு சீம்பாலு. நான்தான் ஊட்டுனேன்."

ஒரு மாதமாகக் குனிந்தே கிடந்த எழில் நிமிர்ந்தாள். மாமியாரைப் பார்த்தாள். பிறகு தனத்தைப் பார்த்தாள்.

"நீங்களும் என்னைத்தான சந்தேகப்பட்டீங்க?"

"ஆமாண்டி" என்றாள் தனம்.