கடைசி பெஞ்சுக்கு ஒரு பாய்

என் வீட்டுக்காரர் தூத்துக்குடியில் ஒரு முத்து வியாபாரியின் கடையில் தரம் பிரிப்பவர். பித்தளைச் சல்லடைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துச் சலிப்பார். மேலே இருப்பதற்குக் கண் பெரிது. இறங்க இறங்கச் சிறிது. முத்துக்குளிப்பு நின்று வருஷங்கள் ஆன பிறகும் பழைய முத்துகள் கைமாறிக்கொண்டேதான் இருந்தன.

அதைப் பார்த்துத்தான் என் வகுப்பையும் அமைத்தேன். பள்ளி திறந்ததும் ஒரு பரீட்சை. தேறியவர்கள் முன் பெஞ்சு, மற்றவர்கள் பின்னால். என் மகளும் என்னிடம்தான் ஐந்தாம் வகுப்பு படித்தாள். அவளைக் கடைசி பெஞ்சில் போட்டேன். பெற்ற பிள்ளை என்றும் பார்க்காத டீச்சர் என்று ஊரே பேசியது. பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அவள் ஏற்கெனவே ஒரு முறை கணக்கில் தோற்றிருந்தாள். எங்கே தப்பு விட்டாய் என்று அப்பா கேட்டபோது, "தெரியாது" என்று சொல்லிவிட்டுக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். "இந்த வருஷமும் தோத்தா படிப்பை நிறுத்திருவோம். வீட்டோட கிடக்கட்டும்" என்று அவர் முடிவாகச் சொல்லிவிட்டார்.

அந்த வருஷந்தான், அதாவது சுதந்திரம் வந்த மறு வருஷம், கொழும்பில் ஒரு தமிழ்ப் பெண்கள் பள்ளிக்கு என்னைப் பத்து நாள் அனுப்பினார்கள். அவர்கள் பாடம் நடத்துவதை நான் பார்க்க வேண்டும். என் முறையை அவர்களுக்குக் காட்ட வேண்டும். லாஞ்சுப் படகில் ஏறி, தூரத்தில் நின்ற கப்பலைப் பிடிப்பதற்குள் குடல் வாய்க்கு வந்துவிட்டது. அப்போதும் சல்லடைகள் இருந்த துணிப்பையை மடியைவிட்டு இறக்கவில்லை. கடையில் கெஞ்சி வாங்கி வந்த சாமான் அல்லவா!

அங்கே மேசைமேல் சல்லடைகளை அடுக்கி, மல்லி, மிளகு, கடுகு மூன்றையும் கலந்து கொட்டிச் சலித்துக் காட்டினேன். இப்படித்தான் பிள்ளைகளையும் பிரிப்பேன் என்றேன். ஐந்தாம் வகுப்பு எடுக்கும் யாழ்ப்பாணத்து டீச்சர், என் வயதுதான் இருக்கும், கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார்.

"முத்து கீழ விழுந்தா என்ன செய்வினம்?"

"அடுத்த சல்லடை பிடிச்சுக்கிடும். கடைசியில மிஞ்சுத பொடியைக்கூட வைத்தியர் பஸ்பத்துக்கு வாங்கிட்டுப் போவாரு. ஒண்ணும் வீணாகாது" என்றேன் பெருமையாக.

"அப்ப உங்கட கடைசி பெஞ்சுப் பிள்ளையளுக்கு அடுத்த சல்லடை எது?"

எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. யாரைப் பார்த்து என்ன கேட்கிறாள் இவள் என்று நினைத்தேன். பிறகுதான் உறைத்தது. அட கூறுகெட்டவளே, இத்தனை வருஷமும் ஒரே ஒரு சல்லடையை வைத்துக்கொண்டா இந்த ஆட்டம் ஆடினாய் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

மறுநாள் அவர் வகுப்பில் போய் உட்கார்ந்தேன். பாடம் முடிந்ததும் ஒரே ஒரு கணக்கு. எல்லாரும் சிலேட்டைத் தூக்கிக் காட்டினார்கள். சரியாகப் போட்டவர்கள் தாங்களாகவே அடுத்த கணக்குக்குப் போனார்கள். தப்பாகப் போட்டவர்கள் முன்னால் விரித்திருந்த பாயில் டீச்சரைச் சுற்றி உட்கார்ந்து, எப்படிப் போட்டோம் என்று வாய்விட்டுச் சொன்னார்கள். தப்பு பிடிபட்டதும் எழுந்து போய்விட்டார்கள். அடுத்த நாள் பாயில் வேறு முகங்கள். கெட்டிக்காரப் பிள்ளையும் வந்து உட்கார்ந்தது. யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை.

ஊர் திரும்பியதும் மகளிடம் கேட்டேன். "நான் நடத்துதது கடைசி பெஞ்சுக்குக் கேக்குதா?"

"கேக்கும்மா. ஆனா அதெல்லாம் முன்னால இருக்கவங்களுக்குல்லா சொல்லுதீய."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

மறுநாளே வீட்டுப் பாயைச் சுருட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனேன். பெரிய டீச்சர் வாசலிலேயே மறித்தார். "பரீட்சைக்கு மூணு மாசந்தான் இருக்கு. இப்பப் போயி பாயை விரிச்சு என்ன வெளையாட்டு?"

"மூணு மாசம் இருக்குல்லா டீச்சர், அது போதும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் விரித்தேன். அவர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. நானும் பாயைச் சுருட்டவில்லை. கடைசி பெஞ்சில் நாலு பிள்ளைகள். முதலில் வாயே திறக்கவில்லை. பிறகு அவர்கள் போட்ட சத்தத்தில் பக்கத்து வகுப்பு டீச்சர் எட்டிப் பார்த்தார்.

பரீட்சை முடிவு வந்தது. நாலு பேரில் மூன்று பேர் தேறிவிட்டார்கள். தேறாதவள் என் மகள்.

அன்று சாயங்காலம் கடையிலிருந்து வந்த என் வீட்டுக்காரர் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. "சொன்னது சொன்னதுதான். நிறுத்திருவோம்" என்றார்.

"மேல் சல்லடையில நிக்காத முத்தையெல்லாம் கடல்லயா கொட்டுதீய?" என்று நான் எகிறினேன். "அவ போகத்தான் செய்வா. நீங்க நிறுத்துனா நான் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போவேன்."

அவர் பதில் சொல்வதற்குள் கதவுக்குப் பின்னாலிருந்து மகள் வெளியே வந்தாள். கையில் சிலேட்டு.

"எப்பா, எங்க தப்பு விட்டேன்னு எனக்குத் தெரியும்."

அவர் காலடியில் உட்கார்ந்து எழுதினாள். "அறுநூத்திப் பதினெட்டை ஆறு பேருக்குப் பங்கு வைக்கணும். நான் பதிமூணுன்னு போட்டுட்டேன். நடுவுல ஒண்ணு இருக்குல்லா, அதுல ஆறு போகாது. போகாட்டா சும்மா விடக் கூடாதுப்பா, அங்கன ஒரு சைபர் போடணும். நூத்திமூணு."

அவர் சிலேட்டை வாங்கி, முத்தைப் பார்ப்பதுபோல வெளிச்சத்தில் சாய்த்து, ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.

"பள்ளிக்கூடம் என்னைக்குத் தெறக்கு?" என்று கேட்டார்.