வானவடியில் ஒரு வாரம்: எஞ்சின் ஓட்டியவரின் மன வைத்தியத்துக்காகப் புனே போன கதை

புனே என்றதும் கோட்டை, அரண்மனை என்று படம் பார்க்க வந்தவர்கள் தயவுசெய்து வேறு பதிவுக்குப் போய்விடுங்கள். 2008 ஜூலையில் நாங்கள் அங்கே ஒரு வாரம் இருந்தோம். நான் பார்த்த புனே, வானவடியில் ஒரு கிளினிக்கின் வராந்தா மட்டும்தான். அங்கே பார்த்த வைத்தியத்தைப் பற்றி மின்னஞ்சலில் பலர் கேட்டுவிட்டார்கள்; ஆளுக்கொரு பதில் எழுதி மாளவில்லை. இவரிடம் அனுமதி வாங்கிக்கொண்டுதான் எழுதுகிறேன்.

இவர் என்றால் என் வீட்டுக்காரர். ஈரோட்டில் ரயில் எஞ்சின் உதவி ஓட்டுநர். புனே போவதற்கு இரண்டு வருஷம் முன்பு, ஒரு காலையில் தண்டவாளத்தைக் குறுக்கே கடந்த ஒரு பெண் இவர் இருந்த எஞ்சினில் அடிபட்டு இறந்துபோனார். யார் மேலும் தப்பில்லை என்று விசாரணையில் எழுதிவிட்டார்கள். எழுதி என்ன? அன்றிலிருந்து இவருக்குத் தூக்கம் போயிற்று. கண் அசந்தால் அலறிக்கொண்டு எழுந்துவிடுவார். எஞ்சினில் ஏற முடியாமல் ஆபீஸில் கோப்பு தூக்குகிற வேலைக்குப் போனார். அன்று என்ன நடந்தது என்று யாரிடமும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நாங்களும் கேட்டதில்லை. டிவியில் ரயில் வந்தால் சானலை மாற்றிவிடுவோம். நல்லது செய்கிறோம் என்றுதான் நினைப்பு.

ஊரில் வைத்தியம் பார்க்காமல் இல்லை. வாரம் ஒருமுறை வந்து பேசச் சொல்வார்கள். இவர் இரண்டு வாரம் போவார், மூன்றாவது வாரம் வயிற்றுவலி வந்துவிடும். அப்போதுதான் புனேயில், ஹிஞ்சேவாடியில் வேலை பார்க்கும் என் தம்பி வானவடியில் இருக்கிற ஒரு மனநல டாக்டரம்மாவைப் பற்றிச் சொன்னான். மாதக்கணக்கில் இழுக்காமல் ஒரே வாரத்தில், காலையும் மாலையும் உட்காரவைத்துச் செய்கிற வைத்தியம். அப்படியும் பேச்சு வராதவர்களுக்கு லேசான மயக்க மருந்தை நரம்பில் மெதுவாக ஏற்றிப் பேசவைப்பார்களாம். (கரண்ட் ஷாக் இல்லை. எல்லாரும் முதலில் அதைத்தான் கேட்கிறீர்கள்.) இதுவும் பலிக்கவில்லை என்றால் இவர் இனி எந்த டாக்டரிடமும் வரமாட்டார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். பயந்துகொண்டேதான் கிளம்பினேன்.

ரயில் பேச்சையே எடுக்கவில்லை. ஈரோட்டிலிருந்து பெங்களூர், அங்கிருந்து ஸ்லீப்பர் பஸ். பெங்களூரிலிருந்து புனே சுமார் 840 கிலோமீட்டர். பதினைந்து மணி நேரம் என்றார்கள், மழையில் பதினெட்டு ஆயிற்று. சில இடங்களில் தண்டவாளம் சாலையோடு கூடவே வந்தது. இவர் திரையை இழுத்துவிட்டு, கண்ணை அகலத் திறந்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். சுவார்கேட் பஸ் நிலையத்தில் இறங்கி கோந்த்வாவில் தம்பி வீட்டுக்கு ஆட்டோ, ஐம்பத்தைந்து ரூபாய். மீட்டரில் குறைவாகக் காட்டும்; டிரைவர் ஒரு கட்டண அட்டையைப் பார்த்துக் கூடுதலாகச் சொல்வார். நானும் சண்டைக்குப் போய் அசடு வழிந்தேன். அது அங்கே முறைதான், நீங்கள் சண்டை போடாதீர்கள்.

டாக்டரம்மாவுக்கு மராத்தி, இந்தி, ஆங்கிலம். இவருக்குத் தமிழை விட்டால் வேறு கதியில்லை. மொழிபெயர்க்க மேரி டீச்சர் என்று ஒருவரை ஏற்பாடு செய்திருந்தார்கள். மூன்று தலைமுறையாக கன்டோன்மென்ட் பக்கம் இருக்கிற தமிழ்க் குடும்பம். முதல் நாள் டாக்டரம்மா இவரைப் பார்த்து, தூக்கம் எப்படி என்று கேட்டார். "தூக்கமே இல்லீங்க டாக்டர்" என்றேன் நான். சாப்பாடு? "ரெண்டு இட்லிதானுங்க, அதுவும் வெச்சுத் திணிச்சாத்தான்." கனவு வருமா? அதற்கும் நான் வாயைத் திறந்தேன். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஏதோ சொன்னார்.

"அம்மா, உங்கள பாஹர், வெளியே உக்காரச் சொல்றாங்க" என்றார் மேரி டீச்சர். "கோபம் வேணாம், ஹாங்? நீங்களே எல்லா ஜவாபும் சொல்லிட்டா அவர் எப்போ பேசுவாரு?"

கோபம் வராமல் இருக்குமா? இரண்டு வருஷம் பக்கத்தில் கிடந்து பார்த்தவள் நான். வராந்தாவில் உட்கார்ந்து மழையைத் திட்டினேன்.

உள்ளே நடந்தது இவர் பிறகு சொன்னது. டாக்டரம்மா இரண்டு விரலை இடமும் வலமும் ஆட்டுவார். அன்றைய காலையை நினைத்துக்கொண்டே கண்ணால் அந்த விரல்களைத் தொடர வேண்டும். ஒவ்வொரு நாளும் இவர் ஹாரன் அடித்த இடம் வரைக்கும் போவார். அதற்கு மேல் நாக்கு நகராது. சட்டை தொப்பலாக நனைந்து வெளியே வருவார். மூன்றாம் நாள் மாலை டாக்டரம்மா ஊசி பற்றிப் பேசினார். பக்கத்திலேயே மயக்க மருந்து டாக்டர் இருப்பார், காலையில் வெறும் வயிற்றோடு வர வேண்டும், சொல்வது எதுவும் ஆபீஸுக்குப் போகாது என்று இவரிடமே விளக்கினார். இவர் தலையாட்டினார்.

மறுநாள் காலை கிளினிக்குக்குப் போய், நான் பாத்ரூம் போய்விட்டு வருவதற்குள் ஆளைக் காணோம். தெருவில் இறங்கி ஓடினேன். பஸ் நிறுத்தத்தில் நனைந்துகொண்டு நின்றார்.

"ஊசியப் போட்டு நா ஏதாச்சும் உளறிப்போட்டா? டிவில காட்டறாங்களே, போலீஸ்காரங்க திருடனுக்குப் போடறது. அதேதானே இது?"

"இது வைத்தியமுங்க. உங்களுக்கு வேண்டாம்னா வேண்டாம். ஊருக்குப் போயிரலாம்."

நல்லவேளை, அதற்கு மேல் பேசவில்லை. வந்து நின்ற பஸ்ஸை இவர் போகவிட்டார். "போட்டுக்கறேன்" என்றார் கடைசியில். "ஆனா நா சொல்றது உன் காதுல உழுகக் கூடாது அம்மணி."

பெற்ற பிள்ளை போலப் பார்த்துக்கொண்ட என் காதில் விழக்கூடாது. யாரோ ஒரு டீச்சர் கேட்கலாம். அழுகையாக வந்தது. சரி என்றேன்.

கதவைச் சாத்தினார்கள். மருந்து ஏறக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு இவர் குரல், இரண்டு வருஷமாக நான் கேட்காத உரத்த குரல். "டிஸ்டன்ட் கிரீன்!" சற்று விட்டு மறுபடியும், "டிஸ்டன்ட் கிரீன்!" குரல் ஏறிக்கொண்டே போயிற்று. மூன்றாம் தரம் அது கத்தல். உள்ளே டீச்சர், "பயப்படாதீங்க, நாங்க இருக்கோம்" என்று என்னவோ சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார்.

எனக்கு உடனே புரிந்தது. எஞ்சினில் இரண்டு பேர் இருப்பார்கள். சிக்னல் கண்ணில் பட்டதும் ஒருவர் நிறத்தை உரக்கச் சொல்ல வேண்டும், மற்றவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். திருப்பிச் சொன்னால்தான் அடுத்த பேச்சு. ஸ்டேஷன் வருவதற்கு முன்னால் முதலில் டிஸ்டன்ட் சிக்னல், அதற்கு அடுத்தது ஹோம் சிக்னல். கல்யாணமான புதிதில் பைக்கில் போகும்போது ஈரோட்டுப் பன்னீர்செல்வம் பார்க் சிக்னலில்கூட இவர் "ரெட்!" என்று கத்துவார், பின்னால் இருந்து நானும் "ரெட்!" என்பேன், ரோட்டில் போகிறவர்கள் சிரிப்பார்கள். இங்கே திருப்பிச் சொல்ல ஆளில்லாமல் இந்த மனுஷன் அதே சிக்னலில் நிற்கிறார்!

நான் கதவைத் திறக்கவில்லை. தட்டினேன். "டீச்சர், திருப்பிச் சொல்லுங்க! அவர் சொன்னதையே அப்படியே திருப்பிச் சொல்லுங்க!"

பிறகு மேரி டீச்சரின் குரல்: "டிஸ்டன்ட் க்ரீன்!"

"ஹோம் கிரீன்!" என்றார் இவர்.

"ஹோம் க்ரீன்!"

ரயில் நகர்ந்துவிட்டது. இனிமேல் அந்தப் பெண் அடிபட்ட இடம்தான் வரும். இரண்டு வருஷமாக நான் தெரிந்துகொள்ளத் தவித்த விஷயம் கதவுக்கு அந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு கேட்டைத் தாண்டி, தெருமுனை வரை நடந்துபோய் மழையில் நின்றேன். வாக்குக் கொடுத்தாயிற்று அல்லவா.

மாலையில் மயக்கம் முழுக்கத் தெளிந்த பிறகுதான் அனுப்பினார்கள். மேரி டீச்சர் கண் சிவந்திருந்தது. என் கையைப் பிடித்து, "நான் சொல்லக் கூடாதும்மா, அவரே சொல்வாரு" என்றார். கோந்த்வா சாலையில் ஆட்டோ நெரிசலில் மாட்டி நின்றது. டிரைவருக்குத் தமிழ் தெரியாது.

"ஹாரன் அடிச்சாச்சு, பிரேக்கும் போட்டாச்சு" என்று இவராகவே ஆரம்பித்தார். "அந்தம்மா திரும்பிப் பாத்துச்சு. கடைசி வரைக்கும் முன்னால பாக்கறதுதான் என் வேலை. நா கண்ண மூடிக்கிட்டேன் அம்மணி. பாத்தியான்னு எஞ்சின் டிரைவர் கேட்டாரு. பாத்தேன்னு சொல்லிப்போட்டேன். இப்ப எப்பக் கண்ண மூடுனாலும் அந்தம்மா மூஞ்சிதான்."

யாராக இருந்தாலும் மூடியிருப்பார்கள், பார்த்திருந்தால் மட்டும் ரயில் நின்றிருக்குமா என்று பத்துப் பதில் என் நாக்கு நுனி வரை வந்தது. எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டேன். இவர் அழுதார். ஆட்டோ டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு எஞ்சினை அணைத்தார்.

மிச்ச நாட்களில் மறுபடியும் விரல் வைத்தியம்தான், இந்த முறை ஹாரனைத் தாண்டி. போகிறவர்களுக்கு என் யோசனைகள்: ஊசி எல்லாருக்கும் ஆகாது. இதயம், ஈரல், மூச்சுக் கோளாறு, சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். மருந்து ஏற்றிய அன்று தனியே அனுப்பாதீர்கள். தாய்மொழி தெரிந்தவர் இல்லாமல் உட்காராதீர்கள். அவரிடம் நோயாளியின் தொழிலைப் பற்றி முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ஒரு வாரத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பாதீர்கள், ஊர் திரும்பியும் தொடர வேண்டும். இவர் இன்னும் எஞ்சினில் ஏறவில்லை. கூடப் போகிற மனைவிமார்களே, கேள்வி உங்களிடம் வந்தால் மட்டும் பதில் சொல்லுங்கள்.

ரயிலில் திரும்பினோம் என்று எழுத ஆசைதான். பஸ்ஸில்தான் திரும்பினோம். ஸ்லீப்பர் கிடைக்கவில்லை, உட்கார்ந்து போகிற பஸ். மாலை நாலு மணிக்குக் கிளம்பியது. காத்ரஜ் தாண்டிக் கொஞ்ச தூரத்திலேயே இவர் தலை என் தோளில் சாய்ந்தது. அலறலுக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. வாய் லேசாகத் திறந்து, குறட்டை. தோள் மரத்துப்போயிற்று, எனக்கோ அவசரமாக ஒன்றுக்குப் போக வேண்டும். சதாராவுக்கு முன்னால் ஒரு தாபாவில் நிறுத்தினார்கள். எல்லாரும் இறங்கினார்கள். இனி பஸ் வெகுதூரம் நிற்காது, இறங்குங்கள் என்று கண்டக்டர் இந்தியில் சொன்னார். நான் உதட்டில் விரலை வைத்துக் காட்டினேன்.