வேட்டி வழியாக வந்த வெளிச்சம்

காதுகுத்து, சடங்கு, வளைகாப்பு என்று ஊரில் எல்லார் முகத்தையும் படம் எடுப்பவள் நான். ஷார்ஜாவுக்கு ஓட்டல் வேலைக்குப் போன என் கணவர் ஒருநாள் போனில் கேட்டார்: "எல்லாரையும் எடுக்குற. உன்னைய ஒண்ணு எடுத்து அனுப்ப மாட்டியா?"

"தெனம் வீடியோ கால்ல பாக்குறீங்களே?"

"அதுல பாதி நேரம் உன் நெத்திதான தெரியுது."

சிரித்துவிட்டு வைத்தேன். ஆனால் அந்தப் பேச்சு மனதிலேயே கிடந்தது. நாகல் நகர் வாடகை வீட்டுச் சுவர் முன்னால் நின்று எடுக்கப் பிடிக்கவில்லை. ஞாயிறு சாயங்காலம் அகரத்தில் இருக்கும் அவர் வீட்டுத் தோட்டத்துக்குப் பஸ் ஏறினேன். பையில் கேமரா, மலிவாக வாங்கிய ஒரு ஃபிளாஷ், பீரோவிலிருந்து எடுத்த அவருடைய வெள்ளை வேட்டி.

தோட்டமெங்கும் கோழிக்கொண்டை பூத்துக் கிடந்தது. பூப் பறித்துக்கொண்டிருந்த நாத்தனார் கையைக் கழுவிவிட்டு ஒத்தாசைக்கு வந்தாள். ஃபிளாஷைத் தென்னை மரத்தில் கட்டினேன். கேமராவை அவளிடம் கொடுத்து எதிரே போய் நின்றேன். முதல் படத்தில் என் முகம் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்திருந்தது. பின்னால் பூவும் இல்லை, வானமும் இல்லை, ஒரே இருட்டு.

"மதினி, பேய் மாதிரி இருக்கீக."

வானத்தின் சிவப்பு தெரியும்படி முதலில் கேமராவைச் சரிசெய்தேன். பிறகு ஃபிளாஷின் வெளிச்சத்தைக் குறைத்து, அதற்கு முன்னால் கயிறு கட்டி வேட்டியைத் தொங்கவிட்டேன். துவைத்து மடித்து வைத்திருந்த துணிதான். ஆனாலும் அதை உதறியபோது அவர் பக்கத்தில் நின்று கட்டுவதுபோல் இருந்தது. அதன் வழியாக வந்த வெளிச்சம் முகத்தில் மெதுவாக இறங்கியது.

வெளிச்சம் சரியாகிவிட்டது, எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

"அண்ணன் இங்கன நிக்குதுன்னு நெனைச்சுக்கங்க மதினி," என்றாள் நாத்தனார். நினைத்தேன். உதடு சிரித்தது, கண் நிறைந்துவிட்டது. அந்த நொடியில் அவள் அமுக்கிவிட்டாள். வேறு எடுப்பதற்குள் பொழுது இறங்கிவிட்டதால் அதையே அனுப்பினேன்.

அவரிடமிருந்து உடனே அழைப்பு வந்தது.

"எளைச்சிட்ட."

"லைட்டு அப்படிங்க."

"தீவாளிக்கு வரலாம்னு பாத்தேன். லீவு குடுக்கல. பொங்கலுக்குக் கேட்டுருக்கேன்."

"சரிங்க," என்றேன்.

மறுநாள் காலையில் பார்த்தால், வாட்ஸ்அப்பில் தன் படத்தை நீக்கிவிட்டு என் படத்தை டிபியாக வைத்திருந்தார். அவருக்கு அது ஆசை. ஆனால் அன்றிலிருந்து அவர் கூப்பிடும்போதெல்லாம் என் போனில் என் முகம்தான் வருகிறது. எடுத்துப் பேசுவதற்கு முன் அந்தச் சின்ன வட்டத்தில் அவரைத் தேடுகிறேன்.