புகையில்லாத கரி

கரி பற்றிக்கொள்ளும்போது எழும் சின்னச் சின்ன வெடிப்புச் சத்தமும், மண்சட்டி சூடேறுகிற வாசனையும் வந்துவிட்டால் எங்கள் மலையில் மார்கழி பிறந்துவிட்டது என்று பொருள். ஜமுனாமரத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கி வெகுதூரம் நடந்தால் வருகிற ஊர் எங்களுடையது. எண்பதுகளின் தொடக்கத்தில் அப்படியொரு மார்கழியில் என் அக்கா அஞ்சலை தலைப்பிரசவத்துக்கு வந்து ஆண் குழந்தையைப் பெற்றெடுத்திருந்தாள். நான் பள்ளி விடுதியிலிருந்து அரையாண்டு விடுமுறைக்கு வந்திருந்தேன்.

"பச்ச ஒடம்புக்குக் குளுரு ஆவாது" என்று அம்மா அக்காவை உள்ளறையில் படுக்கவைத்து, சட்டி நிறையக் கரிக்கங்கு போட்டு வைப்பாள். விறகென்றால் புகைந்து குழந்தைக்கு இருமல் வரும் என்பதால், சந்தவாசல் சந்தையில் விற்பதற்காக அப்பா சுட்டு வைத்திருந்த மூட்டையிலிருந்து நல்ல கரியாகப் பொறுக்கி எடுப்பாள். புகையே வராத கரி என்பதில் அவளுக்கு அப்படியொரு நிம்மதி. அன்று சாயங்காலம் தூறலும் ஊதக்காற்றும் பிடித்துக்கொள்ள, கூடுதலாகக் கங்கு போட்டு, அதுவரை திறந்திருந்த கூரையிடுக்கைக் கோணியாலும் கதவிடுக்கைப் பழஞ்சேலையாலும் அடைத்தாள்.

அதற்குச் சற்று முன்னால்தான் பக்கத்து வீட்டுப் பெரியம்மா வந்தாள். அப்பாவின் அண்ணனுடைய மனைவி. கணவனை இழந்தவள், பிள்ளையில்லாதவள். குழந்தை ஓயாமல் அழுவதைப் பார்த்து, "ராத்திரிக்குப் புள்ள என்கிட்ட இருக்கட்டும், நீ கொஞ்சம் கண்ணசரு" என்று அவனைத் தூக்கிக்கொண்டு போனாள்.

காலையில் கஞ்சியோடு கதவைத் திறந்த அம்மாவின் அலறல் கேட்டு ஓடினேன். அக்கா தூங்குகிறவளைப் போலவே கிடந்தாள், கன்னங்கள் சிவந்திருந்தன. மூலையில் கூடைக்குள் அடை காத்திருந்த கோழியும் செத்துக் கிடந்தது. அந்தக் கோழியைப் பார்த்த பிறகுதான், இது செய்வினைதான் என்பதில் ஊருக்குச் சந்தேகம் தீர்ந்துபோனது. "புள்ளைய எடுத்துக்கினு தாய முழுங்கிட்டா" என்று முதலில் சொன்னது யாரென்று எனக்குத் தெரியாது. பொழுது சாய்வதற்குள் எல்லோரும் அதையே சொன்னார்கள். குழந்தையைப் பெரியம்மாவின் கையிலிருந்து பிடுங்கினார்கள். ஊற்றுக்கு அவள் வந்தால் மற்ற பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு விலகினார்கள். ஊர் கூடி, பொங்கலுக்குள் அவள் தன் தம்பியின் ஊருக்குப் போய்விட வேண்டும் என்றது. "நான் ஒன்னியும் பண்ணல" என்று ஒரே ஒரு முறை சொன்னாள்.

பள்ளி திறந்ததும் அறிவியல் பாடத்தில் பருப்பொருள் வந்தது. திடம், திரவம், வாயு என்று டீச்சர் கரும்பலகையில் எழுதினார். காலி டம்ளரைக் கவிழ்த்து வாளித் தண்ணீரில் அமுக்கி, உள்ளே தண்ணீர் ஏறாமல் காற்று தடுப்பதைக் காட்டி, கண்ணுக்குத் தெரியாத காற்றும் இடத்தை அடைக்கும், அதற்கும் எடை உண்டு என்றார். மூட்டைக் கரி எரிந்தால் கையளவு சாம்பல்தானே மிஞ்சுகிறது, மீதி எங்கே போகிறது என்று கேட்டேன்.

"எங்கயும் போவாது. காத்துல இருக்கிற ஆக்சிஜனோட சேந்து வாயுவா மாறிடும். காத்து பத்தலேன்னா வேற ஒரு வாயு வரும். நெறமும் இருக்காது, வாசனையும் இருக்காது. மூடின ரூம்ல அது ஆளையே கொன்னுடும்" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் பலகையின் பக்கம் திரும்பினார்.

"கோழியக்கூடவா டீச்சர்?" என்றேன். வகுப்பே சிரித்தது.

பொங்கல் விடுமுறையில், சாமை புடைத்துக்கொண்டிருந்த அம்மாவிடம் அதைச் சொன்னேன். முறம் நின்றது. "அது நல்ல கரியாச்சே, பொகையே இல்லியே" என்றாள். புகையில்லாவிட்டாலும் அந்த வாயு வரும் என்றேன். முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "அப்போ கங்கு போட்டது நானு" என்றாள். அவள் அழவில்லை, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நேராக, ஊரைக் கூட்டித் தீர்ப்புச் சொன்ன ஊர்க்கவுண்டரின் வீட்டுக்கு நடந்தாள்.

"காத்து போயி ஆளக் கொல்லுமா? துக்கத்துல இன்னாவோ பேசுற, வூட்டுக்குப் போம்மா" என்றார் அவர்.

"கொன்னது நானுங்க. அவங்க இல்ல."

யாரும் நம்பவில்லை. பெரியம்மா அன்று விடியற்காலையிலேயே மூட்டையோடு போய்விட்டிருந்தாள். அம்மா அவள் தம்பியின் ஊருக்கே மலைப்பாதையில் நடந்தாள். நானும் பின்னால் போனேன். வாசலில் நின்ற பெரியம்மாவின் கையில் குழந்தையைக் கொடுத்து, "யக்கா, அந்தக் கங்குதான் அவளக் கொன்னுச்சு. போட்டது நானு" என்றாள்.

குழந்தையை மார்போடு சேர்த்துக்கொண்ட பெரியம்மா சொன்னாள்: "நீ வேணும்னு போடலியே. ஆனா அவங்க என்னிய அப்டிச் சொல்லும்போது நீயும் நின்னு கேட்டுக்கினுதான இருந்த."

அவள் திரும்பி வரவே இல்லை. அக்காவின் கணவரான மாமா வேறு கல்யாணம் செய்துகொள்ள, குழந்தை பெரியம்மாவிடமே வளர்ந்தான். சந்தைக்குப் போகும்போதெல்லாம் அம்மா அவனுக்குக் கேழ்வரகு கொண்டுபோவாள். கொடுத்துவிட்டு, வாசலுக்கு வெளியிலேயே உட்கார்ந்து பார்த்துவிட்டு வருவாள். உள்ளே வா என்று பெரியம்மா கூப்பிட்டதில்லை.

இப்போது பிரசவமெல்லாம் ஆஸ்பத்திரியில்தான். எங்கள் வீடு இருந்த இடத்தில் யாரோ கான்கிரீட் வீடு கட்டிவிட்டார்கள். அப்பாவும் அம்மாவும் இல்லை, பெரியம்மாவும் இல்லை. அக்காவை ஒரு போட்டோகூட எடுத்ததில்லை. அவள் சாயலைச் சொல்ல நான் ஒருத்திதான் மிச்சம்.

அவளுடைய மகன் இன்று பஸ் ஓட்டுகிறான். போன வருஷம் என் வீட்டுக்கு வந்து, நடந்ததையெல்லாம் சொல்லச் சொல்லிக் கேட்டான்.

"எங்கம்மாவுக்கு வலிச்சிருக்குமா சின்னம்மா?"

"இல்லடா. தூக்கத்துலயே போயிருப்பா."

"நான் அழாம இருந்திருந்தா, நானும் அங்கதான இருந்திருப்பேன்" என்றான்.